கன்சல்டிங் வேலைக்குப் போகலாமா? நீலகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கல்லூரி முடிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, ஐடி கம்பெனி, பி.எட். என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இப்போது அந்த வரிசையில் கன்சல்டிங்கும், அதாவது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையும், சேர்ந்திருக்கிறது. ஊரில் யாரோ ஒருவருடைய மகள் பெங்களூரில் சேர்ந்திருப்பாள், சம்பளம் இவ்வளவாம் என்று கல்யாண வீட்டில் பேச்சு நடக்கும், அடுத்த வாரமே யாராவது போன் செய்து "அண்ணா, அதுக்கு என்ன படிக்கணும்?" என்பார்கள். நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்து இந்தத் துறையில் வேலை பார்த்தவன். கேட்கிறவர்களுக்குச் சொல்வதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எந்தப் பரீட்சை, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் ஐந்தாம் படியில்தான் வரும். அதற்கு முன்னால், உங்களை இந்த வேலையின் பக்கம் இழுப்பது எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அது உறுதியாக இருந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேலை கிடைத்தாலும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இரண்டாவது வருடத்திலேயே சோர்ந்து வெளியேறியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லவே முடியாது.

முதல் படி: அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கம்பெனிக்கு அல்லது அரசுத் துறைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. லாபம் குறைகிறது, புதிய ஊரில் கடை திறக்கலாமா என்று தெரியவில்லை, இரண்டு கம்பெனிகள் இணைந்தபின் யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று குழப்பம். உள்ளே இருப்பவர்களுக்கு நேரமில்லை, அல்லது அவர்கள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்பதில்லை. அப்போது வெளியிலிருந்து நான்கைந்து பேர் கொண்ட குழுவைக் கூலி கொடுத்து அழைக்கிறார்கள். அந்தக் குழு சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி, கணக்குகளைப் பார்த்து, ஆட்களிடம் பேசி, காரணத்தைக் கண்டுபிடித்து, என்ன செய்யலாம் என்று சொல்கிறது. சில சமயம் கூடவே இருந்து செய்தும் கொடுக்கிறது. மேலாண்மை ஆலோசனை என்பது இதுதான்.

தொழில் பழையது. அமெரிக்காவில் ஆர்தர் டி. லிட்டில் 1886இல் தொடங்கியது. கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926இல் சிகாகோவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963இல் வந்தது, பெயின் 1973இல். பெரிய கம்பெனிகளின் வியூகத்தைப் பற்றி ஆலோசனை சொல்வதில் இந்தக் கடைசி மூன்றும்தான் அதிகம் பேசப்படுபவை. இவை தவிர டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு தணிக்கை நிறுவனங்களுக்கும் பெரிய ஆலோசனைப் பிரிவுகள் உண்டு. மலையிலிருந்து போகிற ஒருவருக்கு நடைமுறையில் முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதலாளிக்கு வியூகம் சொல்வார் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு வருடம் எக்செல், போன் பேட்டிகள், ஸ்லைடு. கிளையன்ட் அனுப்பிய கணக்கில் ஜூன் மாதம் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்குக் கண்டுபிடித்து, காலைக் கூட்டத்துக்குள் எல்லா எண்ணையும் திருத்துவது. பல நிறுவனங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் பதவி உயரவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்வார்கள். உள்ளே போகும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: காரணங்களைத் தாளில் எழுதுங்கள்

மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாக் காரணமும் நல்ல காரணமாகவே தெரியும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வழக்கமாக வருகிறவை இவை.

பணம். இதை எழுத வெட்கப்பட வேண்டாம். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்ததை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த காசு பறிக்கும் கூலிக்கே கட்டுபடியாகாமல், போராட்டமும் கடையடைப்புமாகப் போன காலம் அது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு நல்ல சம்பளம் நியாயமான காரணம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இதே அளவு சம்பளம் கொடுக்கும் சாப்ட்வேர் வேலைகளும் நிதித்துறை வேலைகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் நேரத்துக்கு வீட்டுக்கும் போகலாம். பணம் மட்டும்தான் காரணம் என்றால், வீட்டுக் கடன் அடைந்த மாதத்தோடு அந்தக் காரணம் தீர்ந்துவிடும்.

பெயர். பெரிய நிறுவனத்தின் விசிட்டிங் கார்டு ஊரில் மதிப்பைக் கொடுக்கும், உண்மைதான். அந்த மகிழ்ச்சி ஆறு மாதம் இருக்கும்.

பயணம். திங்கள் விடியற்காலை விமானம், வியாழன் இரவு திரும்புதல். இடையில் பார்ப்பது ஓட்டல் அறையும் கிளையன்டின் கூட்ட அறையும்தான். சிமென்ட் ஆலை புராஜெக்ட் என்றால் ஏதோ ஒரு சின்ன ஊரின் விருந்தினர் விடுதியில் இரண்டு மாதம். ஊர் சுற்றும் ஆசைக்கு இந்த வேலை பொருந்தாது.

வேகமாகக் கற்பது. பரவலாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு மதிப்பு இருப்பது இதன்மேல். ஒரே வருடத்தில் மருத்துவமனை, வங்கி, உரக் கம்பெனி என்று மூன்று உலகங்களை உள்ளே போய்ப் பார்க்கலாம். அதற்கு இரண்டு விலை உண்டு. ஒவ்வொரு முறையும் ஒன்றும் தெரியாதவராக உட்கார்ந்து, இருபது வருட அனுபவசாலியிடம் அடிப்படைக் கேள்வி கேட்க வேண்டும். அதில் கூச்சம் உள்ளவருக்குக் கஷ்டம். அப்புறம், விதைத்ததும் கிளம்பிவிட வேண்டும், அறுவடையைப் பார்க்க முடியாது. ஒரு காரியத்தைக் கடைசிவரை கூடவே இருந்து முடித்தால்தான் மனம் நிறையும் என்கிற சுபாவம் உங்களுக்கு இருந்தால், ஒரு கம்பெனியில் நேரடியாகச் சேருவதே நல்லது.

என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் இது. நேர்மையான பதில். நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். இரண்டு வருடம் பல தொழில்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன் என்று தெரிந்தே வந்தால் தவறில்லை.

ஊருக்கு நல்லது செய்ய வேண்டும். மலைப் பிள்ளைகள் பலர் இதை எழுதுகிறார்கள், எனக்கும் பிடித்த காரணம். அதனாலேயே கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். கன்சல்டன்டுக்குக் காசு கொடுப்பவர் யார்? அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அம்மாவால் கொடுக்க முடியாது. பெரிய கம்பெனியும் அரசும் அறக்கட்டளைகளும்தான் கொடுக்கின்றன. காசு கொடுப்பவரின் நன்மையும் ஊரின் நன்மையும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனத்துக்கு, அடிமைப்படுத்தும் வலிநிவாரணியின் விற்பனையைக் கூட்டும் வேலையில் ஆலோசனை சொன்னதற்காக மெக்கின்சி 2021இல் பல மாநிலங்களோடு 57 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தது. 2024 டிசம்பரில் மத்திய நீதித்துறையோடு இன்னொரு 65 கோடி டாலர். அந்த ஸ்லைடுகளையும் உங்களைப் போன்ற, கணக்கில் கெட்டிக்காரர்களான இளைஞர்கள்தான் தயாரித்திருப்பார்கள். எந்த வேலையை மறுப்பேன் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.

இத்தனைக்கும் மேலே நான் நம்பும் காரணம் ஒன்று உண்டு: 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்ற கேள்வி மனத்தை விடாமல் அரிப்பது. பஸ் தினமும் தாமதமாக வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் போகிறது என்று கவனிக்க ஆரம்பித்திருப்பீர்கள். அதோடு, அந்தச் சிக்கலுக்குள் வாழும் மனிதர்களிடம் பொறுமையாகப் பேசவும் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தவர்கள்தான் ராத்திரி வேலையைத் தாங்குகிறார்கள்.

மூன்றாம் படி: மலையிலேயே சோதித்துப் பாருங்கள்

அந்த அரிப்பு உங்களுக்கு உண்டா என்று தெரிந்துகொள்ளக் காசு கொடுத்து எந்தப் பயிற்சியிலும் சேர வேண்டாம். ஒரு விடுமுறையும் ஒரு நோட்டும் போதும். நம் மாவட்டத்தில் எடுத்துக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன. நான் சொல்வது தேயிலை ஆலை.

பின்னணி சுருக்கமாக: சிறு விவசாயிகள் பச்சை இலையைத் தனியார் ஆலைக்கோ கூட்டுறவு ஆலைக்கோ கொடுக்கிறார்கள். இன்ட்கோசர்வ் என்பது கூட்டுறவு ஆலைகளின் கூட்டமைப்பு, 1965இல் உருவானது, அதன்கீழ் 16 ஆலைகள் இருக்கின்றன. தயாரான தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது, அது ஏல விலையை ஒட்டி ஏறி இறங்கும். பக்கத்துப் பக்கத்து ஆலைகள், ஒரே மலைச்சரிவின் இலை, ஆனாலும் ஏலத்தில் ஒன்றின் தூள் மற்றதைவிடக் கிலோவுக்குப் பல ரூபாய் குறைவாகப் போகிறது. ஏன்?

ஆலையின் வருமானத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். எவ்வளவு தூள் கிடைத்தது, அது என்ன விலைக்குப் போனது, இலைக்கு எவ்வளவு, விறகு, மின்சாரம், ஆள்கூலிக்கு எவ்வளவு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தினம் 10,000 கிலோ இலை வாங்கும் ஆலை. நூறு கிலோ இலைக்கு 22 கிலோ தூள் எடுத்தால் 2,200 கிலோ. 24 எடுத்தால் 2,400. வித்தியாசம் 200 கிலோ. தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் தினம் 20,000 ரூபாய், மாதம் 25 நாள் ஓடினால் 5 லட்சம். அந்த இரண்டு கிலோ எங்கே போகிறது என்று தேடத் தோன்றுகிறதா? மழை நாளில் இலையோடு தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு வாங்குகிறார்களா? முற்றிய இலையும் காம்பும் கலந்து நார்க்கழிவு கூடுகிறதா?

விலை ஏன் குறைகிறது என்பதற்கு ஆலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்து மாணவர் ஒருவர் இலை எடை போடும் ஷெட்டில் நின்று லாரி டிரைவரிடம் பேசியதை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார்.

"அண்ணா, மத்தியானம் எடை போட்ட இலை ஆலைக்கு எத்தனை மணிக்குப் போகும்?"

"ரவுண்டு முடிச்சுதான் போகணும் தம்பி. ஏழு, ஏழரை ஆகும்."

"அதுவரைக்கும் சாக்குலயேதானா?"

"பின்ன? கையை உள்ள விட்டுப் பாரு, தெரியும்."

கையை விட்டார். அழுத்திக் கட்டிய சாக்கின் நடுவில் இலை சூடாக இருந்தது, வெளியே எடுத்தபோது ஓரம் சிவந்திருந்தது. ஆலைக்குள் வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி எடுக்கும் முறை எவ்வளவு சரியாக இருந்தாலும், சாக்கிலேயே புளிக்க ஆரம்பித்த இலையை யாரும் திருப்பி எடுக்க முடியாது. சிக்கல் லாரி போகும் வழியில் இருக்கலாம். மெஷினை மாற்றச் செலவழித்தால் வீண். இந்த ஒரு சாக்கு அவருக்குக் கொடுத்த உற்சாகம் கடிதம் முழுக்கத் தெரிந்தது. எந்த ஷெட்டில் இலை எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று அடுத்த வாரம் பட்டியலே போட்டுவிட்டார். இந்த வேலைக்கு ஏற்றவர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதே ஷெட்டில் ஒரு மணி நேரத்தில் சலித்துப்போனால் அதுவும் பயனுள்ள செய்திதான். பல லட்சம் செலவு செய்து எம்பிஏ படித்தபின் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

இன்னொரு பயிற்சி. ஊட்டி இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஏன் மூடப்பட்டது என்று வீட்டில் கேளுங்கள். "டிஜிட்டல் கேமரா வந்துச்சு, ஃபிலிம் செத்துச்சு" என்பார்கள். காலவரிசையைப் போட்டுப் பாருங்கள். 1960இல் தொடங்கிய நிறுவனம், 1967இல் உற்பத்தி ஆரம்பம். நலிந்த நிறுவனம் என்ற பட்டியலுக்கு அது 1990களின் நடுவிலேயே போய்விட்டது. அப்போது நம் ஊரில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? அப்படியென்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும்: 1991க்குப் பிறகு திறந்துவிடப்பட்ட இறக்குமதி, பாலியெஸ்டர் ஃபிலிம் ஆலைக்காக வாங்கிய பெரும் கடன், அதன்மேல் ஏறிய வட்டி. டிஜிட்டல் கேமரா வந்தது கடைசியில். எல்லோரும் சொல்லும் காரணத்தைத் தேதியோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கம் கன்சல்டிங்கில் தினமும் தேவைப்படும். தாத்தாவோ சித்தப்பாவோ அங்கே வேலை பார்த்திருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது கிடைக்கும்.

நான்காம் படி: தோராயக் கணக்குக்குப் பழகுங்கள்

நேர்முகத்தில் 'கெஸ்டிமேட்' என்று ஒன்று கேட்பார்கள். தரவு இல்லாமல், நியாயமான ஊகங்களை வைத்து ஒரு எண்ணுக்கு வருவது. நமக்கு இதற்கு வாசலிலேயே பாடம் இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆய்வு செய்யும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. பிறகு 2025 கோடைக்கு, நீலகிரியில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள், உள்ளூர்க்காரர்கள் பலர் வரவேற்றார்கள். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, எண்ணைச் சோதியுங்கள்.

ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சேர்த்து 25 சதுர மீட்டர் என்று வையுங்கள். 6,000 கார் என்றால் 1,50,000 சதுர மீட்டர், சுமார் 37 ஏக்கர். ஊட்டி தாவரவியல் பூங்காவே 55 ஏக்கர்தான். அவ்வளவு காரும் ஒரே நேரத்தில் நிற்காது, பாதி நிற்கும் என்றாலும் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு. ஊட்டி டவுனில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? சேரிங்கிராஸில் நின்று யோசித்தால் பதில் வரும். அடுத்து, காருக்கு நான்கு பேர் என்றால் 24,000 பேர். எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை அறை வேண்டும், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குப்பை? ஒவ்வொரு ஊகத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விடை சரியா என்பதைவிட, எந்த ஊகம் மாறினால் விடை அதிகம் மாறும் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் கேட்பவர் பார்ப்பார்.

ஐந்தாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

முதலாவது, ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி நல்ல கல்லூரிக்குப் போவது. பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. கடைசி வருடம் படிப்பவர்களும் எழுதலாம். மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரம். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும், தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறையொட்டி வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் நிலச்சரிவில் நம் மலைப்பாதைகள் அடைபட்டது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். தேர்வு மையம் கோவை என்றால் வெள்ளிக்கிழமையே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். ஞாயிறு காலையில் பர்லியாறைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கல்லூரிகளில் பழைய ஐஐஎம்கள் தவிர 2011இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்மும் இருக்கிறது. கட்டணம் அதிகம்தான், கல்விக்கடன் கிடைக்கும். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு எந்த ஆலோசனை நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கின்றன என்று அவர்களுடைய வேலைவாய்ப்பு அறிக்கையில் பாருங்கள்.

இரண்டாவது சிஏ, அதாவது ஆடிட்டர் ஆவதற்கான படிப்பு. நான் இதை இன்னும் அதிகம் பேர் யோசிக்க வேண்டும் என்பேன். செலவு குறைவு, ஊரிலிருந்தே தொடங்கலாம். ஒரு சிறிய ஆலை முதலாளிக்கு உண்மையில் ஆலோசகராக இருப்பவர் அவருடைய ஆடிட்டர்தான். குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்தால் பத்து தொழில்களின் உள்கணக்கு கண்முன் வரும். சிஏ முடித்தவர்களைப் பெரிய நான்கு நிறுவனங்களும் தொடர்ந்து எடுக்கின்றன.

மூன்றாவது, கோவை, சென்னை, பெங்களூரில் தரவு, ஆராய்ச்சிப் பிரிவுகளில் சேர்ந்து இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு மேலே போவது. எக்செல் கையில் ஓட வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஒதுக்கிய படிப்புகளில் தரவுப் பகுப்பாய்வு இருந்தால் அதை எடுத்து முழு மனத்தோடு படியுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அழகான ஆங்கிலம் தேவையில்லை, தெளிவான ஆங்கிலம் தேவை. ஒரு ஆங்கில வணிக நாளிதழில் தினம் ஒரு செய்தியைப் படித்து, அதில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று இரண்டு நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். யோசனையைத் தமிழில் செய்யுங்கள், தவறே இல்லை. ஆறு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

ஆறாம் படி: நேர்முகத்துக்குத் தயாராகுங்கள்

இரண்டு பகுதி இருக்கும். ஒன்று கேஸ்: ஒரு தொழிலின் சிக்கலைச் சொல்லி அரைமணி நேரம் உங்களோடு பேசுவார்கள். ஒரு நண்பரோடு மாறி மாறிப் பழகுங்கள். வர்க்கி பேக்கரியிலிருந்தே தொடங்கலாம்: புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, கூட்டமும் வருகிறது, லாபம் மட்டும் குறைகிறது, ஏன்? விற்பனையா செலவா என்று முதலில் பிரியுங்கள். விற்பனை என்றால் அளவா விலையா, சீசனா மற்ற மாதங்களா. செலவு என்றால் மைதா, நெய் அல்லது வனஸ்பதி, விறகு, ஆள், வாடகை. பிரித்த கிளைகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. பதில் சொல்லும்போது முடிவை முதலில் சொல்லி, காரணங்களைப் பின்னால் அடுக்குங்கள். மெக்கின்சியில் 1963இல் சேர்ந்த பார்பரா மின்டோ பரப்பிய முறை அது, இன்றும் பல நிறுவனங்களில் அதுதான் வழக்கம். நம் ஊர்ப் பேச்சில் கதையை முதலிலிருந்து சொல்லி முடிவைக் கடைசியில் வைப்போம். அதனால் இதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

இன்னொன்று, 'ஏன் கன்சல்டிங்?' என்ற கேள்வி. "சவால்கள் பிடிக்கும், பல துறைகளைக் கற்க விரும்புகிறேன்" என்பதை அவர்கள் அன்று காலையிலேயே ஐந்து பேரிடம் கேட்டிருப்பார்கள். நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். "எங்கள் ஊர் இலை ஷெட்டுகளில் இலை எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று ஒரு வாரம் பதிவு செய்தேன். மிகவும் தாமதமான ஷெட்டுக்கு லாரி முதலில் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு ஆலை மேலாளரிடம் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளாத இடம் இது, ஏற்றுக்கொண்ட இடம் இது. இந்த மாதிரி வேலையைப் பெரிய அளவில் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்." இதைச் சொல்கிறவரின் காரணத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. குடும்பத்தின் பணத் தேவையைப் பற்றிக் கேட்டால் அதையும் நேராகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: வீட்டில் பேசுங்கள், மற்ற கதவுகளையும் பாருங்கள்

"மகன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால் அம்மாவால் விளக்க முடியாத வேலை இது. அரசு வேலை மாதிரி நிரந்தரம் கிடையாது. இதை முதலிலேயே வீட்டில் சொல்லுங்கள். கல்விக்கடன் எடுத்தால் மாதத் தவணை எவ்வளவு, வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் யார் கட்டுவது என்று அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

தாளில் நீங்கள் எழுதியவற்றில் 'ஊருக்கு நல்லது' என்பதுதான் மேலே நிற்கிறது என்றால், கன்சல்டிங் நிறுவனத்தை மட்டும் பார்க்காதீர்கள். 1979இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய இர்மா, கிராமப்புற மேலாண்மைக்கென்றே உள்ள கல்லூரி. கூட்டுறவு ஆலைகளுக்கும் விவசாய உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் அப்படிப்பட்ட ஆட்கள் தேவை. தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருடம் அரசுத் திட்டங்களுக்குள்ளேயே இருந்து இதே வகை வேலையைச் செய்ய வைக்கிறது. அங்கே உங்கள் தமிழ் பெரிய பலம்.

எட்டாம் படி: உள்ளே இருக்கும் ஒருவருக்கு எழுதுங்கள்

இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் கல்லூரியில் படித்தவரோ, பக்கத்து ஊர்க்காரரோ யாராவது ஒருவரை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். "சார், வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்த ஊர், எந்தச் சிக்கலை எடுத்துப் பார்த்தீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, உதாரணத்துக்கு: "போன மாதம் உங்கள் வேலையில் எது பிடித்திருந்தது, எது பிடிக்கவில்லை?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் வேலையின் உண்மை நிலை தெரியும், நிறுவனத்தின் இணையதளத்தில் அது இருக்காது. பதினைந்து நிமிடம் பேச நேரம் கொடுத்தால் சனிக்கிழமை காலையைக் கேளுங்கள், வார நாட்களில் அவர்களுக்கு நேரம் இருக்காது. ஊரில் சிக்னல் சரியில்லை என்றால் முன்கூட்டியே ஊட்டியிலோ குன்னூரிலோ நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.